மகாராஜாவின் ஹிட் பாட்டும் நாலு வகைக் கடுக்காயும்

திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம் என்பதால் இந்தப் பெயர். நம்பி, துண்டும் சோப்புமாகக் கிளம்பிவிடாதீர்கள். வெயில் காலத்தில் போனால் மூன்று ஆறும் சேர்ந்து ஒரு குடம் தேறாது. கூட்டணி இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை.

அந்த மணலை ஒட்டி அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். அதன் சுவரில் 1068 வாக்கில் ரிலீஸான ஒரு சூப்பர் ஹிட் பாட்டு இன்னும் இருக்கிறது. ஹீரோ: வீரராஜேந்திர சோழர். தயாரிப்பு: அவரே. கருவி: உளி, சுத்தியல். லைக் பட்டன் அப்போது கிடையாது. டிஸ்லைக் பட்டன் இருந்திருந்தால், அழுத்தியவருக்கு விரல் இருந்திருக்காது.

‘கல்வெட்டைப் போய் ஹிட் பாட்டு என்கிறானே’ என்று முறைக்க வேண்டாம். மெய்க்கீர்த்தி என்று தமிழாசிரியர் சொல்லிக் கொடுத்து, நாம் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்த சமாசாரம் இதுதான். சுத்தமான ஆசிரியப்பா. எதுகை, மோனை, ஹீரோ பில்டப் எல்லாம் உண்டு. ரஜினி படத்தில் முதல் பாட்டில் எஸ்.பி.பி. குரல் வந்துகொண்டிருந்ததே, சோழர்கள் அதைத் தொள்ளாயிரத்துச் சொச்சத்திலேயே ஆரம்பித்துவிட்டார்கள். படம் ஓடுகிறதோ இல்லையோ, ஓப்பனிங் சாங் ஓடியாக வேண்டும்.

2011 நவம்பரை நினைத்துப் பாருங்கள். தனுஷ் ‘ஒய் திஸ் கொலவெறி டி’ என்று கேட்டார். இசையமைத்த அனிருத்துக்கு 21 வயது. அரைகுறை வெர்ஷன் ஒன்று நெட்டில் கசிந்துவிட, வேறு வழியில்லாமல் ஒழுங்காக வெளியிட்டார்கள். இந்தியாவே முணுமுணுத்தது. ஒரு பெண் தன்னைக் கழற்றிவிட்டாள் என்று புலம்பிய பாட்டுக்காக, ஜப்பான் பிரதமருக்கு மன்மோகன் சிங் கொடுத்த விருந்தில் தனுஷுக்கும் ஓர் இலை விழுந்தது. காதல் தோல்விக்கு ராஜாங்க மரியாதை கிடைத்தது அநேகமாக அப்போதுதான்.

வீரராஜேந்திரர் பாட்டும் கொலைவெறிப் பாட்டுதான். ஒரே வித்தியாசம், இவர் ‘ஏன்?’ என்று கேட்கவில்லை.

ஆனால் இந்த ஃபார்முலாவைக் கண்டுபிடித்தவர் இவர் இல்லை. அதற்கு முன்னால் சோழர்கள் அடக்கமான ஆட்கள். சந்தேகமென்றால் பக்கத்திலேயே இருக்கிறது உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டு, 919, 921 என்று பொது அறிவுப் புத்தகங்களில் வருமே, அதேதான். யார் தேர்தலில் நிற்கலாம், கணக்குக் காட்டாதவனுக்கு என்ன கதி என்று எழுதியிருக்கும் அந்தக் கல்லில், ராஜாவுக்கு எவ்வளவு இடம்? ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி.’ முடிந்தது. பராந்தக சோழர் மதுரையைப் பிடித்தார், அதைச் சொன்னார், நகர்ந்துவிட்டார். இன்றைக்கு மதுரைக்கு பஸ்ஸில் போய் ஜிகர்தண்டா குடித்துவிட்டு வருகிறவர்கூட ஸ்டேட்டஸில் இதைவிட நீளமாக எழுதுகிறார்.

985-ல் ராஜராஜர் வந்தார். ஏழு வருஷம் பொறுமையாக இருந்தார். எட்டாம் ஆண்டில் அவருக்கு (அல்லது சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒரு புலவருக்கு) பல்பு எரிந்தது. ஒற்றை வரிப் பட்டம் எதற்கு? பாட்டாகவே போட்டுவிட்டால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் ‘திருமகள் போல’. இத்தனை பெரிய ஹிட்டுக்கு எழுதியவர் பெயர் எங்குமே இல்லை. பாடலாசிரியருக்கு கிரெடிட் கொடுக்காத பழக்கம் நம் ஊரில் எவ்வளவு பழையது பாருங்கள்.

பாட்டின் கரு ரொமான்ஸ். திருமகள் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறாள். அவளைப் போலவே நிலமகளும் ராஜாவுக்கு உரியவள் ஆனாள். அதாவது இவர் படையெடுத்துப் போய் யாருடைய ஊரையும் பிடிக்கவில்லை. பூமாதேவியே பெட்டி படுக்கையோடு வந்துவிட்டாள். பக்கத்து நாட்டு ராஜாக்கள் எதிரிகள்கூட இல்லை, விஷயம் புரியாமல் நடுவில் நின்ற மாமனார் வீட்டுக்காரர்கள்.

ஹிட் பாட்டு என்றால் யாருக்கும் அர்த்தம் புரியாத ஒரு வரி இருந்தே தீர வேண்டும். ராஜராஜரும் ஏமாற்றவில்லை. காந்தளூர்ச் சாலையில் அவர் ‘கலம் அறுத்தார்’. எந்தக் கலம்? கப்பல் என்றார்கள் ஒரு கட்சி அறிஞர்கள். சோற்றுக்கலம், அதாவது அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் தட்டு, என்றது எதிர்க்கட்சி. ஆவணம், உரிமை, பங்கு என்று வேறு சிலர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘காந்தளூர்ச் சாலை’ என்று ஒரு புத்தகமே எழுதினார். இன்னும் தீர்ப்பு வரவில்லை. சேர நாட்டுக் கடற்படையைத் தூளாக்கிய மாவீரரா, மெஸ்ஸில் புகுந்து தட்டைப் பிடுங்கியவரா என்பது, ஒரு வார்த்தைக்கு நாம் என்ன பொருள் எடுக்கிறோம் என்பதில் தொங்குகிறது.

கணக்கு விஷயத்திலும் பாட்டு தாராளம். கடலில் ‘பழந்தீவு பன்னீராயிரம்’ வென்றாராம். மாலத்தீவு என்கிறார்கள். இன்றைக்கு எண்ணிப் பார்த்தால் அங்கே ஏறத்தாழ 1,200 தீவுகள். ஒரு பூஜ்யம் கூடிவிட்டது. நம் ஊர் சினிமா வசூல் போஸ்டரோடு ஒப்பிட்டால் இது மகா நேர்மை.

சரி, டிவி இல்லை, ரேடியோ இல்லை. பாட்டு எப்படிப் பரவியது? இங்கேதான் ராஜராஜரின் மூளையை மெச்ச வேண்டும். கோயிலுக்கு யார் எதைக் கொடுத்தாலும் கல்லில் வெட்ட வேண்டும். கல்லில் வெட்டினால் தேதி போட வேண்டும். தேதி என்பது ராஜாவின் ஆட்சியாண்டு. ராஜா பெயரைச் சொல்ல வேண்டுமானால் முதலில் பாட்டைப் பாட வேண்டும்.

ஒரு குடியானவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஞாபகார்த்தமாக நந்தா விளக்கு எரிக்க ஆசை. நெய்க்காக 96 ஆடு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ‘இன்னார், 96 ஆடு’ என்று எழுதினால் முடிகிற விஷயம். ஆனால் அதற்கு முன் திருமகள், நிலமகள், காந்தளூர், கங்கபாடி, நுளம்பபாடி, ஈழம், ரட்டபாடி ஏழரை லட்சம் எல்லாம் ஓடி முடிய வேண்டும். யூடியூபில் நமக்கு ஐந்து விநாடியில் ‘ஸ்கிப்’ வருகிறது. அவருக்கு வரவில்லை. செலவு அவருடையது, விளம்பரம் ராஜாவுடையது.

அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் என்ன பெயர் தெரியுமா? ‘சாவா மூவாப் பேராடு.’ சாகாது, மூப்படையாது. ஒன்று செத்தால் குட்டி ஈடுகட்டிவிடும், எண்ணிக்கை குறையாது என்று அர்த்தம். இத்தனை மாவீரர்கள் இருந்த சோழ சாம்ராஜ்யத்தில் எழுத்து மூலம் அமரத்துவம் உத்தரவாதமாகக் கிடைத்தது ஆட்டுக்கு மட்டும்தான்.

பாட்டுக்கு இன்னொரு குணம், வளர்ந்துகொண்டே போகும். புதிதாக ஓர் ஊரைப் பிடித்தால் ஒரு வரி சேரும். போன வருஷத்துக் கல்லில் இல்லாத நாடு இந்த வருஷத்துக் கல்லில் இருக்கும். கல்வெட்டில் ஆண்டு சிதைந்து போயிருந்தால்கூட, பாட்டு எந்த ஊர் வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்த்துக் காலத்தை மதிப்பிடலாம். மொபைலில் ஆப் வெர்ஷன் பார்ப்போமே, அந்த மாதிரி. சோழர்கள் தங்கள் புகழுக்காகச் செய்த அப்டேட்கள் எல்லாம் கடைசியில் பயன்பட்டது, கல்வெட்டுத் துறை ஆட்கள் தேதி போட.

மகன் ராஜேந்திரர் அப்பாவின் பாட்டைத் தொடவில்லை. ‘திருமன்னி வளர’ என்று சொந்த ஆல்பம் போட்டார். பிரம்மாண்டம். அப்பா தீவு வரை போனால் பையன் கடாரம் வரை கப்பல் அனுப்பினார். பட்டியலில் வருகிற ஊர்களை ஒரே மூச்சில் வாசித்தால் அது பிராணாயாமம்.

அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது கங்கை. கங்கைகொண்டான் என்று பட்டம், கங்கைகொண்ட சோழபுரம் என்று தலைநகர், சோழகங்கம் என்று ஏரி. திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் புரட்டினால் ஒரு சின்ன விஷயம் கண்ணில் படுகிறது. கங்கைக்குப் போனது தளபதி. ராஜா கோதாவரிக் கரையில் காத்திருந்து, வந்த தண்ணீரைப் பெற்றுக்கொண்டார். அதாவது கங்கையைக் கொண்டவர் கங்கையைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆன்லைனில் ஆர்டர் போட்டுப் பாதி வழியில் டெலிவரி எடுத்துக்கொண்டார்.

இவருடைய மகன்களில் மூன்று பேர் அடுத்தடுத்து அரியணை ஏறினார்கள். மூன்று பேருக்கும் ஒரே வில்லன், கல்யாணியை ஆண்ட மேலைச் சாளுக்கியர் முதலாம் சோமேசுவரர். அவருக்கு ‘ஆகவமல்லன்’ என்று பட்டம். போரில் மல்லன். வில்லனாக இருந்தாலும் பெயரில் குறை வைக்கவில்லை.

மூத்தவர் ராஜாதிராஜர், 1054-ல் கொப்பத்தில் போர்க்களத்திலேயே, யானை மேலேயே உயிர்விட்டார். ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்று கல்வெட்டுகள் மரியாதையாகச் சொல்கின்றன. உடனே தம்பி இரண்டாம் ராஜேந்திரர் களத்திலேயே முடிசூடிக்கொண்டு சண்டையைத் தொடர்ந்து ஜெயித்தார். கச்சேரி நடுவில் பாடகர் சாய, பின்பாட்டுக்காரர் மைக்கைப் பிடித்து அதே சுருதியில் எடுத்த மாதிரி. இந்தக் குடும்பத்தில் பாட்டு மட்டும் நிற்கவே நிற்காது.

மூன்றாவது தம்பிதான் நம் திருமுக்கூடல் ஹீரோ, வீரராஜேந்திரர். பட்டம் 1063-ல். இரண்டு அண்ணன்கள், மலை மாதிரி ஓர் அப்பா, அவருக்கும் மேலே ராஜராஜர் என்று ஒரு தாத்தா. இப்படிப்பட்ட வீட்டில் கடைசிப் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? கங்கையை அப்பா கொண்டுவிட்டார். கடாரத்தை முடித்துவிட்டார். ஈழம் தாத்தா காலத்திலேயே பாட்டில் ஏறிவிட்டது. மிச்சம் இருந்தது ஆகவமல்லனின் முதுகு ஒன்றுதான்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருடைய அதிகாரபூர்வப் பட்டமே ‘ஆகவமல்லனை ஐம்மடி வென்கண்ட’ ராஜகேசரி. வென் என்றால் முதுகு. ஆகவமல்லனின் முதுகை ஐந்து தடவை பார்த்தவர். ஒரு மனிதர் தன் விசிட்டிங் கார்டில் இன்னொரு மனிதரின் முதுகைப் போட்டுக்கொண்டது, அதுவும் எத்தனை முறை என்ற எண்ணிக்கையோடு போட்டுக்கொண்டது, உலக சரித்திரத்திலேயே அபூர்வம். உட்கார்ந்து எண்ணியிருக்கிறார் பாருங்கள்!

இந்த எண்ணிக்கையில் ஒரு பங்கு கூடல்சங்கமத்தில் கிடைத்தது. அது கன்னட தேசத்தில் ஆறுகள் கூடுகிற இடம். அங்கே சாளுக்கியப் படை பலமாக அடி வாங்கியது. அதற்குப் பிறகு நடந்தது, தாம்பரம் பக்கத்து மணிமங்கலத்தில் இருக்கும் கல்வெட்டில் சாவகாசமாக எழுதியிருக்கிறது. கல்லில் வெட்டிய தமிழில் இவ்வளவு ரசமான பகுதி குறைவு என்பது என் அபிப்பிராயம்.

தோற்ற ஆகவமல்லனுக்கு மானம் தாங்கவில்லை. ஒரு கடிதம் எழுதினார். சாரம் இதுதான்: அதே கூடலுக்கு வா, இன்னொரு கை பார்ப்போம். பயந்து வராமல் போகிறவன் ராஜாவே இல்லை, புரட்டன். பள்ளிக்கூட வாசலில், ‘நாலரை மணிக்கு கிரவுண்டுக்கு வாடா, வராதவன் ஆம்பளையே இல்லை’ என்பார்களே, அதன் ராஜமுத்திரை போட்ட பதிப்பு.

கடிதத்தைப் படித்த வீரராஜேந்திரருக்குக் கோபம் வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. உள்ளமும் முகமும் மலர்ந்துபோனாராம். இன்னொரு தடவை முதுகு பார்க்க வாய்ப்பு! படையைக் கிளப்பிக்கொண்டு துங்கபத்திரைப் பக்கம் போய்ப் பாசறை போட்டு உட்கார்ந்தார். குறித்த நாள் வந்தது. ஆகவமல்லன் வரவில்லை.

மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஒரு மாதம் காத்திருந்தார். யானைகளுக்குக் கட்டுத் தீவனம், குதிரைகளுக்குக் கொள்ளு, ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு மூன்று வேளை சோறு. எதிரிக்காக மண்டபம் பிடித்து, பந்தல் போட்டு, சமையலும் செய்து வைத்தாயிற்று. மாப்பிள்ளையைக் காணோம்.

தமிழில் இதற்கு அழகான ஒரு சொல் இருக்கிறது. ஆகவமல்லன் சோழச் சக்கரவர்த்திக்குக் கடுக்காய் கொடுத்துவிட்டார். இந்தக் கடுக்காயைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திருமுக்கூடலுக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

ஒரு மாதம் காத்திருந்து வெறும் கையோடு ஊர் திரும்புவதா? சக்கரவர்த்தி சுற்றுப்பட்ட நாடுகளைச் சூறையாடினார். துங்கபத்திரைக் கரையில் வெற்றித்தூண் நட்டார். யாரும் வராத போருக்கு வெற்றித்தூண்! அதோடு விட்டாரா? ஆகவமல்லனைப் போல ஒரு பொம்மை செய்து அதைப் பலவிதமாக அவமானப்படுத்தினார் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி எழுதுகிறார். இந்தக் காலத்தில் மீம் போடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஆள் உயரத்துக்குப் போட்டிருக்கிறார்கள். இவ்வளவையும் ‘நான் எவ்வளவு பெரிய வீரன் பார்’ என்கிற பாட்டில், வெட்கமே இல்லாமல், கல்லில் அடித்தும் வைத்தார். நமக்குத்தான் சிரிப்பு வருகிறது. வெட்டச் சொன்னவர் ரொம்ப சீரியஸாகத்தான் சொல்லியிருப்பார்.

ஆகவமல்லன் ஏன் வரவில்லை? பயம் என்கிறது சோழப் பாட்டு. அந்தப் பக்கத்துக் கதை வேறு. தீராத காய்ச்சலில் விழுந்த அவர், 1068-ல் குருவத்தி என்ற இடத்தில், அதே துங்கபத்திரையில் இறங்கித் தன் உயிரை முடித்துக்கொண்டார். ஒருவேளை இங்கே ஒருவர் பொம்மையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அங்கே மல்லர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாரோ என்னவோ. ஆற்றுக்கு இரண்டு ராஜாவும் ஒன்றுதான். ஒருவர் நட்ட தூணையும் வைத்துக்கொண்டது, ஒருவரையும் எடுத்துக்கொண்டது.

அந்தப் பக்கத்துக் கதை என்றேன். எதிர் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. ஆகவமல்லனின் மகன் ஆறாம் விக்கிரமாதித்தன், காஷ்மீரத்திலிருந்து வாய்ப்புத் தேடி ஊர் ஊராகச் சுற்றி வந்த பில்ஹணர் என்ற கவிஞரைப் பிடித்துப் போட்டார். அவர் ‘விக்கிரமாங்கதேவ சரிதம்’ என்று பதினெட்டு சர்க்கத்துக்கு சமஸ்கிருதத்தில் ஒரு மெகா ஆல்பம் தந்தார். அதில் அடி வாங்குவதெல்லாம் சோழர்கள். காஞ்சிபுரம் அதில் விழாத நாளில்லை. பதினேழு சர்க்கம் முதலாளியைப் புகழ்ந்துவிட்டு, பதினெட்டாவதை பில்ஹணர் தன்னைப் பற்றியும் தன் ஊரைப் பற்றியும் எழுதிக்கொண்டார். ராஜராஜரின் பெயரில்லாப் புலவர் இதைப் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஒன்று புரிகிறது. இரண்டு தரப்பும் எல்லாப் போரிலும் ஜெயித்திருக்கிறார்கள். தோற்றவர்கள் யாருமே இல்லாமல் எப்படி இத்தனை பேர் செத்தார்கள் என்பதுதான் புரியவில்லை.

இதற்கெல்லாம் சிகரம், முதுகு எண்ணிய வீரராஜேந்திரர், முதுகுக்குச் சொந்தக்காரரின் மகனுக்கே தன் பெண்ணைக் கட்டிக்கொடுத்தார். ஆமாம், அந்த விக்கிரமாதித்தனுக்கே. தானாக முன்வந்து பெண் கொடுத்தது சோழர் என்கிறார் பில்ஹணர். நாங்கள்தான் அவனுக்குக் கண்டிகை (கழுத்தணி) கட்டி ரட்டபாடியையும் கொடுத்தோம் என்கிறது சோழப் பாட்டு. இதே சண்டையை நீங்கள் கல்யாண ஆல்பம் புரட்டும்போது இரண்டு சம்பந்தி வீட்டிலும் கேட்டிருப்பீர்கள்.

1070-ல் வீரராஜேந்திரர் போனதும் மகன் அதிராஜேந்திரர் வந்தார். மைத்துனர் விக்கிரமாதித்தன் படையோடு வந்து உட்காரவைத்துவிட்டுப் போனார். அவர் முதுகு மறைந்த சில வாரங்களில் கலகத்தில் அதிராஜேந்திரர் காலி. அரியணையில் வந்து அமர்ந்தவர் முதலாம் குலோத்துங்கர். அம்மா வழியில் சோழர், அப்பா வழியில் வேங்கிச் சாளுக்கியர். ஐந்து தடவை முதுகு காட்டி ஓடிய வம்சத்தின் பங்காளி, முகத்தைக் காட்டியபடியே சிம்மாசனத்தில் ஏறிவிட்டார். அவருக்கும் பாட்டு போட்டார்கள். ‘புகழ்மாது விளங்க’, இன்னும் சில.

ஆனால் ஜனங்கள் நிஜமாகவே முணுமுணுத்த குலோத்துங்கர் பட்டம் வேறு. ‘சுங்கம் தவிர்த்த சோழன்.’ டோல்கேட்டை எடுத்த ராஜா! ஸ்ரீபெரும்புதூர் டோலில் ஒருமுறை ஃபாஸ்டேக் வேலை செய்யாமல் பின்னால் ஐம்பது ஹாரன் கதற நின்ற எனக்கு, கங்கை கடாரத்தைவிட இந்தச் சாதனைதான் மயிர்க்கூச்செறிய வைக்கிறது.

பாட்டு அப்புறமும் ஓடியது. 1231-ல் சோழ மன்னர் மூன்றாம் ராஜராஜரைக் காடவத் தலைவர் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தார். ஹொய்சள நரசிம்மர் ஆள் அனுப்பி மீட்க வேண்டியிருந்தது. அந்த ராஜராஜருக்கும் வெண்கொற்றக் குடை, புலிக்கொடி, செங்கோல் என்று மெய்க்கீர்த்தி உண்டு. பேட்டரி தீர்ந்தும் ரிங்டோன் நிற்கவில்லை.

சரி, திருமுக்கூடலுக்கு வருவோம். கோயில் சுவருக்கு முன்னால் நிற்கிறோம். வீரராஜேந்திரரின் வீர தீர பராக்கிரமங்கள் முறைப்படி முதலில் வருகின்றன. இங்கே வருகிற யாரும் அதற்காக வருவதில்லை. பழைய இசைத்தட்டு வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்: கம்பெனி நம்பி முன்பக்கம் போட்ட பாட்டு படுத்துவிடும், பின்பக்கத்தில் இடத்தை அடைக்கப் போட்டது பிய்த்துக்கொண்டு போகும். இங்கே நடந்தது அதுதான். பாட்டு முடிந்து வருகிற செலவுக் கணக்கு இருக்கிறதே, அதற்காகத்தான் வரலாற்றுக்காரர்களும் வைத்தியர்களும் இந்த மணலைத் தாண்டி வருகிறார்கள்.

கணக்கு என்ன? கோயிலில் ஒரு வேதக் கல்லூரி. அதோடு ‘வீரசோழன்’ என்று ஓர் ஆதுலர்சாலை. ஆஸ்பத்திரி. 15 படுக்கை. நோயாளி ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு நாழி அரிசி. பரம்பரை வைத்தியர் ஒருவர். பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். வருஷத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. ‘திருமகள் போல’ எழுதியவர் பெயர் போயே போய்விட்டது, ஊர் டாக்டரின் பெயர் இனிஷியல் சகிதம் இருக்கிறது. அறுவைச் சிகிச்சை செய்ய ஒருவர், அவருக்கு 30 கலம். மூலிகை கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். ஒரு நாவிதரும் உண்டு. ராத்திரி எரிகிற விளக்குக்கு எண்ணெய்.

கல்லூரிப் பையன்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். அதற்கும் எண்ணெய் கணக்கு வைத்து, சக்கரவர்த்தி பெயரால், கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், இந்த வரியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. கண்ணில் எண்ணெய் போனதால் இல்லை.

அப்புறம் மருந்துப் பட்டியல். ஒரு வருஷத்துக்கு இருப்பு வைக்க வேண்டியவை, இருபது ஐட்டம். வில்வாதி கிருதம், கல்யாண லவணம், வஜ்ரகல்பம், வருஷக்கணக்கில் பழக வைத்த பழைய நெய். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒரு தைலம். பட்டியலின் தலைப்பகுதியிலேயே வரிசையாக நிற்பவை: வாசா ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி.

ஹரீதகி என்றால் என்ன தெரியுமா? கடுக்காய்!

துங்கபத்திரைக் கரையில் ஒரு மாதம் உட்கார்ந்து கடுக்காய் வாங்கி வந்த மகாராஜா, பாலாற்றங்கரைக்கு நாலு வகைக் கடுக்காயை அனுப்பி வைத்திருக்கிறார். ஒன்றில் கோமூத்திரம் வேறு. இது தற்செயல்தான், எனக்கும் தெரியும். இருந்தாலும் சோழ வரலாற்றில் இவ்வளவு பொருத்தமான தற்செயலை நான் பார்த்ததில்லை. சாளுக்கியன் கொடுத்த கடுக்காய் ஜீரணமாகவில்லை. இவர் கொடுத்த கடுக்காய் பதினைந்து பேருக்கு வயிற்றைச் சரி செய்திருக்கும்.

மாட்டுப் பொங்கலன்று வாருங்கள், ஊர் பிய்த்துக்கொண்டு போகும். பார்வேட்டை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பழைய சீவரம் மலைக்கு வந்து, அங்கிருந்து ஆற்றைத் தாண்டி இங்கே வருவார். சுற்றுவட்டாரப் பெருமாள்களும் வந்து கூடுவார்கள். ஆறு கூடாத வருஷத்திலும் சாமிகள் கூடிவிடுகிறார்கள். பொரி கடலை, கரும்பு, பலூன், ராட்டினம். கூம்பு ஸ்பீக்கரில் எதையோ அலறவிட்டிருப்பார்கள், அநேகமாக அனிருத்.

வெயிலில் நடந்து வந்த ஜனம் எங்கே நிழல் என்று பார்க்கும். கோயில் சுவரோரம் இருக்கும். பாட்டிகள் காலை நீட்டி உட்கார்வார்கள். பிள்ளைகளுக்குத் தூக்குவாளியிலிருந்து புளியோதரையைத் தொன்னையில் எடுத்து வைப்பார்கள். சாப்பிட்டவுடன் கண்ணைச் சொருகும். அப்படியே சுவரில் சாய்ந்துகொள்வார்கள், கல் ஜில்லென்று இருக்கும்.

ஆகவமல்லனின் முதுகை ஐந்தே ஐந்து தடவை பார்த்ததற்கு அவ்வளவு பீற்றிக்கொண்ட மகாராஜா, அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் நூறு முதுகாவது பார்த்துவிடுகிறார்.